முத்திரை பிரியாத பெட்டி

தூத்துக்குடியில், கடலுக்கு மூன்று தெரு உள்ளே, உப்புக்காற்று இரும்புக் கதவுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்க்கும் ஒரு சந்தில், ரெமிஜியூஸ் வீட்டு முன்னறைக் கண்ணாடி அலமாரியில் நின்ற இருநூற்றுப் பதினான்கு பொம்மைகளும் ஒரு புதன்கிழமை காலை, அவர் பல் துலக்கிவிட்டு வருவதற்குள், ஆளுக்கொரு திசையில் தலையைத் திருப்பிக்கொண்டுவிட்டன. கிழக்கே கடலைப் பார்த்துச் சில, மேற்கே ரயில் பாதையைப் பார்த்துச் சில, கூரையைத் துளைத்துவிடுவதுபோல அண்ணாந்து ஒன்று, தரையை வெறித்தபடி முப்பதுக்கும் மேல். அலமாரிக்கு முன்னால் வந்து நின்ற ரெமிஜியூசை ஒன்றுகூடப் பார்க்கவில்லை. அவர் இடது பக்கம் நகர்ந்து பார்த்தார், வலது பக்கம் நகர்ந்து பார்த்தார், குனிந்தும் பார்த்தார். கல்யாண வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாத சொந்தக்காரர்கள் பார்ப்பதுபோல எல்லாம் அவரைத் தாண்டி வேறெங்கோ பார்த்தன.

காப்பியோடு வந்த மனைவி பெனடிக்டா அலமாரியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, உங்க பொம்மைகளுக்குக் கழுத்து சுளுக்கியிருக்கு, ஃபேனைக் குறைச்சு வையுங்கன்னா கேக்கிறதில்ல என்று சொல்லி டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ரெமிஜியூசுக்கு வயது ஐம்பத்து நான்கு. துறைமுகத்தில் சரக்குக் காகிதங்களைச் சரிபார்க்கும் ஆபீஸ் ஒன்றில் வேலை. அது சம்பளத்துக்கு. உயிர் வாழ்ந்தது பொம்மைகளுக்காக. அவருக்குப் பதினோரு வயதாக இருந்தபோது ஊருக்கு ஓர் இங்கிலீஷ் படம் வந்தது. அதன் நிஜப் பெயர் யார் வாயிலும் நுழையாததால் தியேட்டர்க்காரரே போஸ்டரில் 'உப்புக் கிரகத்துப் போர்' என்று எழுதிவிட்டார். படம் முழுக்க வெள்ளை வெளேரென்று பாலைவனம். பார்த்தவர்கள் எல்லோரும் அது நம்ம உப்பளத்தில்தான் எடுத்தது என்று அடித்துச் சொன்னார்கள், இன்னாருடைய பாத்தி என்றுகூடச் சொன்னார்கள், அந்தப் பெருமைக்காகவே படம் நாற்பது நாள் ஓடியது. அந்தப் படத்து ஆட்களைத்தான் அரைச் சாண் உயரத்தில், கையும் காலும் கழுத்தும் திருகும்படி, ஏதோ ஒரு தேசத்தில் பொம்மையாக வார்த்தார்கள். தளபதி ஓரன், சாம்பல் ராணி, தவளைமுக மந்திரி, மூன்று கை வேடன். கப்பல்காரர்களின் டிரங்குப் பெட்டிகளில் அவை ஊருக்கு வந்து சேர்ந்தன, பிள்ளைகள் கையில் அடிபட்டு உடைந்தன, பரணுக்குப் போயின, பழைய இரும்புக் கடைக்குப் போயின. அங்கிருந்தெல்லாம் ஒவ்வொன்றாக ரெமிஜியூஸ் இருபத்தைந்து வருஷமாகச் சேர்த்தார். அவரையும் சேர்த்து ஊரில் அப்படிப் பதினொரு பேர் உண்டு, அவர்களுக்கு ஒரு சங்கமும் உண்டு. சங்கத்தார் பொம்மை என்று சொல்லமாட்டார்கள், 'ஃபிகர்' என்பார்கள். நேற்று ஒரு ஃபிகர் பார்த்தேன், விடவே மனசில்லை என்று ரெமிஜியூஸ் ஒருநாள் போனில் சத்தமாகப் பேசியதைத் தெருவே கேட்டதிலிருந்து பெனடிக்டா அந்த வார்த்தையை வீட்டில் தடை செய்திருந்தாள்.

சுளுக்கு என்றால் அதற்கு ஆள் இருந்தது. தெருக்கோடி சூசையம்மாள் தாய் வயிற்றிலிருந்து கால் முதலில் வெளியே வந்து பிறந்தவள், அவள் காலால் நீவினால் எந்தச் சுளுக்கும் நிற்காது. வரச் சொன்னதும் வந்தாள், நல்லெண்ணெயைச் சூடு பண்ணச் சொன்னாள், நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு பொம்மையாகத் தரையில் நிறுத்தி வலது கால் கட்டைவிரலால் கழுத்தை நீவிவிட்டாள். விரல் இருக்கும்வரை தலை நேரே நின்றது, விரலை எடுத்ததும் முன்பு பார்த்த பக்கமே திரும்பிக்கொண்டது. மதியம்வரை அறுபது பொம்மைக்கு நீவிவிட்டு, காலைத் துடைத்துக்கொண்டு, இதுகளுக்கு ஒண்ணுமில்ல, இதுக யாரையோ பாக்குதுக என்று சொல்லிவிட்டு வெற்றிலையை வாங்கிக்கொண்டு போனாள்.

யாரை என்பது மறுநாள் தெரிந்தது. கேஸ் சிலிண்டர் போடுகிற இசக்கிராஜ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு முன்னறையைக் கடந்தபோது, அதுவரை மேற்கே பார்த்துக்கொண்டிருந்த தவளைமுக மந்திரி ஒன்று அவனோடு சேர்ந்து வாசலிலிருந்து அடுக்களைவரை தலையைத் திருப்பியது, அவன் காலி சிலிண்டரோடு திரும்பியபோது அடுக்களையிலிருந்து வாசல்வரை திருப்பியது. இசக்கிராஜ் நின்றான். அலமாரிக்குக் கிட்டே போய் மூக்கைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்துவிட்டு, இது என்னுதுல்லா என்றான். இடது முழங்காலில் பல் பட்ட தடம் இருக்கும், கடவாய்ப்பல் முளைக்கையில் நான் கடிச்சது என்றான். இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன் பழைய இரும்புக் கடையில் ரெமிஜியூஸ் அதை எடுத்தபோது அந்தத் தடத்தைப் பார்த்து முகம் சுளித்தது அவருக்கு ஞாபகம் வந்தது. இசக்கிராஜ் அதைத் திரும்பக் கேட்கவில்லை. ஒற்றை விரலால் அதன் உச்சந்தலையில் தட்டிக்கொடுத்துவிட்டு, புத்தகத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வண்டியை எடுத்தான். வண்டி போன பக்கமெல்லாம் மந்திரியின் தலையும் போயிற்று. அந்தச் சிலிண்டர்காரன் மேல் ரெமிஜியூசுக்கு வந்த பொறாமையில் அன்றைக்கு மதியச் சோறு இறங்கவில்லை.

இப்படியாக ஊர் விஷயத்தைப் புரிந்துகொண்டது. ஒவ்வொரு பொம்மையும், சின்ன வயதில் தன்னை வைத்து விளையாடிய பிள்ளை இப்போது எங்கே இருக்கிறதோ அந்தப் பக்கம் பார்க்கிறது. அந்தப் பிள்ளை செத்துப்போயிருந்தால் தரையைப் பார்க்கிறது. அண்ணாந்து பார்த்த ஒன்றின் சொந்தக்காரர் மாதா கோயில் கோபுரத்தில் சாரம் கட்டி வெள்ளையடித்துக்கொண்டிருந்தார், அவர் சாயங்காலம் இறங்கியதும் அதுவும் தலையை இறக்கிக்கொண்டது. ஏன் இப்படி என்று யாரும் கேட்கவில்லை, கேட்டு ஆகவேண்டியது ஒன்றுமில்லை, ஆனால் இதைக்கொண்டு ஆகவேண்டிய காரியங்கள் நிறைய இருந்தன. பம்பாய்க்கு என்று சொல்லிப் போய் இருபது வருஷம் கடிதம் போடாத தம்பியைத் தேடி ஓர் அக்கா வந்தாள், அவன் விளையாடிய வேடன் தெற்கே பார்த்தது, அவன் பம்பாய்க்கே போகவில்லை, திருச்செந்தூரில் ஹோட்டல் வைத்திருந்தான். கப்பலில் போன புருஷனின் பொம்மையை வந்து பார்த்துக்கொண்டே ஒருத்தி கீரை ஆய்ந்தாள், அதன் தலை நாளுக்கு ஒரு நூலளவு நகர்வதைக் கண்டு கப்பல் கிளம்பிட்டு என்று அண்டை வீட்டுக்குச் சொன்னாள். மாப்பிள்ளை பார்க்கிறவர்கள் ஜாதகத்தோடு, பையன் சின்னதில் பொம்மை வைத்திருந்தானா என்றும் விசாரித்தார்கள். பங்குச் சாமியார் ஞாயிறு அறிவிப்பில், பொம்மை பார்க்கப் போகிறவர்கள் செருப்பை வெளியே விட்டுப் போகவும், அந்த வீட்டிலும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்றார். பெற்றவர்களோ பிள்ளைகளுக்குப் பொம்மை வாங்கிக் கொடுத்து, மனசு வச்சு விளையாடுல, நாளைக்கு உன்னை எங்க போய்த் தேடுறது என்று பிரம்போடு பக்கத்தில் நின்றார்கள்.

வருகிறவர்களுக்கெல்லாம் பெனடிக்டா தண்ணீர் கொடுத்தாள். ரெமிஜியூஸ் அலமாரிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஒவ்வொருவருக்கும் திறந்து காட்டினார். எல்லோரும் அவரைப் புகழ்ந்தார்கள், நீங்க சேத்து வைக்கலைன்னா இதெல்லாம் நடக்குமா என்றார்கள். அவர் சிரித்துக்கொண்டார். உள்ளுக்குள் கணக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். தூசி தட்டியது யார், இற்றுப்போன முழங்கை ரப்பரை மாற்றியது யார், பழைய பல் பிரஷ்ஷால் கண்ணையும் காதையும் தேய்த்துக் கழுவியது யார்? கடித்தவனையும் உடைத்தவனையும் தொலைத்தவனையும் தேடித் தேடிப் பார்க்கிற கழுதைகளுக்கு, பக்கத்தில் நிற்கிற மனிதன் கண்ணில் படவில்லை.

இதில் வெந்த புண்ணில் வேல் பாய்ச்ச ஒரு சுயம்புலிங்கம் இருந்தார். உப்பளக்காரர், சங்கத்தின் தலைவர், ரெமிஜியூசைவிட அறுபது பொம்மை குறைவாக வைத்திருந்தவர். அந்த அறுபதுதான் இத்தனை வருஷம் ரெமிஜியூசின் தலையை நிமிர்த்தி வைத்திருந்தது. ஆனால் சுயம்புலிங்கத்தின் பொம்மைகளில் ஒன்பது அவர் சொந்தமாக விளையாடியவை. அவர் வீட்டுக்குப் போனால், அவர் நாற்காலியிலிருந்து எழுந்து ஊஞ்சலுக்குப் போகும்போது ஒன்பது தலையும் கூடவே போவதை, அவர் குனிந்தால் குனிவதை, வந்தவர்கள் காப்பி ஆறுவது தெரியாமல் பார்த்தார்கள். அதில் ஒரு சாம்பல் ராணியை அவர் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் போக ஆரம்பித்தார். பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த ராணியின் தலை, வெயிலிலும் புழுதியிலும், அவருடைய சவரம் செய்யாத மோவாயையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. சுயம்புலிங்கம் கெட்டவர் இல்லை, காட்டவேண்டும் என்று அவர் செய்யவும் இல்லை. அதனாலேயே ரெமிஜியூசுக்குத் தாங்கவில்லை. அந்த மோவாயை நினைத்து அவர் ஆபீசில் மூன்று காகிதங்களில் தப்பாக முத்திரை குத்தினார்.

ஆனாலும் அவரிடம் ஒன்று இருந்தது. படுக்கையறை பீரோவில், அப்பாவின் பழைய வேட்டியில் சுற்றி, வெளிச்சம் படாமல் வைத்திருந்த ஒரு பெட்டி. முகப்பில் கண்ணாடித் தாள், உள்ளே தளபதி ஓரன். மேல் மூடியில் காசு அளவுக்குத் தங்க நிற முத்திரை ஒட்டியிருக்கும், அது கிழிந்தால் பெட்டி திறந்ததாக அர்த்தம். அது கிழியவில்லை. நாற்பத்து மூன்று வருஷமாக முத்திரை பிரியாத பெட்டி ஊரிலேயே, சங்கத்தார் விசாரித்தவரை மாநிலத்திலேயே, அது ஒன்றுதான். கப்பலில் வேலை பார்த்த அப்பா பதினொரு மாதத்துக்கு ஒருமுறை வருவார், அந்த முறை வந்தபோது அதைக் கொண்டுவந்து, ரெண்டு பேரும் வச்சு விளையாடுங்க என்று நடுவீட்டில் வைத்தார். ரெண்டு பேர் என்றது ரெமியையும், ஏழு வயதுத் தங்கச்சி ஜெசிந்தாவையும். அதே வாரம் பக்கத்து வீட்டுப் பையனின் தளபதிக்குக் கை பிடுங்கிக்கொண்டு போனதை ரெமி பார்த்திருந்தான். தன்னுடைய தளபதிக்கு அப்படி ஒன்று நேரவிடக்கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தான், திறக்கவேயில்லை. ஜெசிந்தா பக்கத்தில் வந்தால் கிள்ளினான், தொட்டால் அடித்தான், பொம்பளைப் பிள்ளையோடு விளையாடுகிறதா என்று தெருவுக்கு ஓடினான். சாயங்காலம் கண்ணாடித் தாளை உள்ளங்கையால் துடைத்துவிட்டு, முகத்தோடு முகம் வைத்துத் தளபதியை அரைமணி நேரம் பார்ப்பான். அத்தனை அரைமணி நேரங்களும் வீண்போகாது என்று ரெமிஜியூஸ் நம்பினார். பொம்மைகள் திரும்பிய நாளிலிருந்து அவர் பீரோவைத் திறக்கவில்லை. எல்லோர் முன்னாலும் ஒரே தடவையாகத் திறக்கலாம் என்று வைத்திருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் பூசை முடிந்ததும், சங்கத்தார் பத்துப் பேரும் தெருக்காரர்கள் பாதிப் பேரும் முன்னறையில் கூடினார்கள். பெனடிக்டா எல்லோருக்கும் மக்ரூன் கொடுத்தாள். ரெமிஜியூஸ் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திவந்து மேசையில் வைத்து, வேட்டியை ஒவ்வொரு சுற்றாகப் பிரித்து, கண்ணாடித் தாளுக்கு நேரே போய் நின்றார்.

தளபதி ஓரன் பெட்டியின் பக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். ரெமிஜியூஸ் அந்தப் பக்கம் போய் நின்றார். எதற்கும் இருக்கட்டும் என்று பெட்டியையே திருப்பி வைத்தார். தளபதியின் தலை மெதுவாக, அட்டைக்குள்ளேயே, பழைய திசைக்கு வந்து நின்றது. வடமேற்கு. அறையில் மக்ரூன் கடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. திறக்கவே இல்லைல்லா, அதுக்கு ஆளு தெரிஞ்சிருக்காது என்று சூசையம்மாள் சமாதானம் சொன்னாள். சுயம்புலிங்கம் குனிந்து பார்த்தார், அவர் பையிலிருந்த ராணி அவரைப் பார்த்தது.

"யாரும் வச்சு விளையாடாத பொம்மைன்னா நேராப் பாக்கும் ரெமி. எங்கிட்ட ரெண்டு அப்படி இருக்கு" என்றார் அவர், வருத்தத்தோடுதான். "இது யாரையோ பாக்குது."

வந்தவர்கள் ஒவ்வொருவராகச் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பினார்கள். கதவைச் சாத்திவிட்டு வந்து, சங்கத்தில் ஒருவரும் இத்தனை வருஷத்தில் செய்யாத காரியத்தை ரெமிஜியூஸ் செய்தார், பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தார். முத்திரை மேல் மூடியில் இருந்ததால் எல்லோரும் மேல் மூடியையே பார்த்திருந்தார்கள், அடி மூடியில் வெறும் பசைதான், அதை யார் பார்ப்பார்கள்? அடி மூடியின் ஓரத்தைப் பூச்சி அரித்திருந்தது. கம்பெனிப் பசையைப் பூச்சி தொடாது என்பது அவருக்குத் தெரியும். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். பசைக்கு மேல் பசை, அதற்கு மேல் பசை, அடுக்கடுக்காக, மஞ்சள் பாரித்து, நடுவில் கண்ணாடிபோல் காய்ந்து ஒரு முழுப் பருக்கை. சோறு.

சோற்றைப் பசையாக்கக்கூடியவர்கள் அந்த வீட்டில் அப்போது இரண்டு பேர். அம்மா என்றால் தளபதி தரையைப் பார்த்திருக்க வேண்டும். வடமேற்கே அறுபது கிலோமீட்டரில் கோவில்பட்டி, கோவில்பட்டியில் ஜெசிந்தா. முத்திரை போச்சு, சங்கத்தில் மானம் போச்சு என்றுதான் முதலில் நினைத்தார். நினைத்துப் பார்த்தபோது அது அவ்வளவு வலிக்கவில்லை. வலித்தது வேறு. நாற்பத்து மூன்று வருஷம் ஒரே பீரோவில், ஒரே வீட்டில், அவர் காவல் காத்தது அவளைப் பார்த்துக்கொண்டிருந்த ஒன்றை.

மறுநாள் லீவு போட்டுவிட்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். சண்டை என்று ஒன்றும் இல்லை அண்ணன் தங்கைக்குள். பதினொரு வருஷமாக அவர் அவள் வீட்டுக்குப் போகவில்லை, அவ்வளவுதான், கல்யாண மண்டபங்களில் பார்த்து, நல்லா இருக்கியா, இருக்கேன் என்று முடித்துக்கொள்வார்கள். எட்டயபுரம்வரை தளபதி முன்பக்கக் கண்ணாடியைப் பார்த்தான், ரோடு வளையும்போதெல்லாம் தலையைத் திருத்திக்கொண்டான். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே குனிந்து பெட்டிக்குள் பார்த்துவிட்டு, சரியாத்தான் ஏறியிருக்கீங்க, ஆளு அந்தப் பக்கந்தான் இருக்காங்க என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனார். கோவில்பட்டியில் இறங்கி வீட்டுக்கு வழி கேட்கவேண்டிய அவசியம் அவருக்கு இருக்கவில்லை. பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இரண்டாவது சந்து, பச்சைக் கதவு. அந்தக் கதவுக்கு முன்னால் தளபதியின் கழுத்து அசையாமல் நின்றது.

ஜெசிந்தா பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். மதியச் சாப்பாட்டு வேலையை முடித்துவிட்டு வந்து, தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. வாங்கண்ணே என்று எழுந்தவள் பெட்டியைப் பார்த்ததும் கையிலிருந்த கீரைக் குச்சியோடு அப்படியே நின்றாள். பிறகு தண்ணீர் எடுக்க அடுக்களைக்குள் போனாள், செம்போடு வந்தாள், காப்பிப்பொடி டப்பாவைத் தேடி மறுபடி போனாள், வந்தாள். மடியில் இருந்த பெட்டிக்குள் தளபதியின் தலையும் போயிற்று, வந்தது, போயிற்று, வந்தது. ரெமிஜியூஸ் அவளைப் பார்க்காமல் அந்தக் கழுத்தையே பார்த்துக்கொண்டு மரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"எப்படித் திறந்த?" என்றார்.

அவள் பொய் சொல்லவில்லை. "இட்லிக் கொப்பரை ஆவியில. அடியை மட்டும் காட்டினா மெல்ல விட்டுக்குடுக்கும். ஞாயித்துக்கிழமை நீ பூசைக்கு உதவப் போயி, ஞானோபதேச வகுப்பு முடிஞ்சு பதினொரு மணிக்குத்தான வருவ."

"சோறு?"

"மைதா மாவுன்னா வெள்ளையாத் தெரியும்லா. பழைய சோத்தை அம்மாதான் மசிச்சுக் குடுப்பா."

அம்மாவுக்கும் தெரிந்திருக்கிறது. ஒரு வாய் தண்ணீர் குடித்தார். எத்தனை தடவை என்று கேட்டார், எண்ணவில்லை என்றாள். நான் அதை ஒரு தடவைகூடத் தொட்டதில்லை, இன்றைக்குவரை அது எப்படி இருக்கும் என்று என் விரலுக்குத் தெரியாது என்று, பெருமையாகச் சொல்ல வாயெடுத்தவர், சொல்லி முடிக்கையில் குரல் வேறு மாதிரி ஆகிவிட்டதைக் கவனித்தார். தெரியும் என்றாள் ஜெசிந்தா. உள்ளயே நின்னா அதுக்குக் கால் வலிக்கும்லா, அதான் எடுத்தேன் என்றாள்.

அவர் தனக்கென்று ஏதாவது மிச்சம் வைத்துக்கொள்ளப் பார்த்தார். இவன் பெயர் ஓரன், உப்புக் கிரகத்துத் தளபதி, எழுநூறு பேரை ஒற்றை ஆளாகக் காப்பாற்றியவன், அதாவது உனக்குத் தெரியுமா என்று கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. அந்தப் படத்துக்குத்தான் என்னைக் கூட்டிட்டே போகலையே என்றாள்.

"அப்ப என்னன்னு கூப்பிட்ட?"

ஐம்பது வயதுக்காரி சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள், வெட்கப்பட்டாள், கீரைச் சுளகைக் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

"ரெமின்னு" என்றாள். "ரெமியண்ணன்னு."

அவள், ஒருமுறை ஆரம்பித்துவிட்டதால், கீரையை உருவிக்கொண்டே வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனாள். ரெமியண்ணன் அவளைப் பள்ளிக்கூடத்துக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப் போவான், முள் குத்தினால் எடுத்துவிடுவான், கமர்கட்டைத் துணியில் வைத்துக் கடித்துப் பெரிய பாதியை அவளுக்குக் கொடுப்பான். அப்பா கப்பலுக்குத் திரும்பிப் போன அன்றைக்கெல்லாம், அழாதே, நான் இருக்கேன்லா என்பான். கிணற்றடியில் அவளை ராணியாக உட்காரவைத்து, ஊரே அவளுக்குப் பயப்படும்படி கதை சொல்லுவான். அவனுக்கு எத்தனை கதை தெரியும் என்கிறாய் என்று அவள் சொன்னபோது அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை ரெமிஜியூஸ் அதற்கு முன் பார்த்ததில்லை. சுயம்புலிங்கத்தின் மேலும் சிலிண்டர்காரன் மேலும் வந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை என்று அப்போது அவருக்குப் பட்டது. தன் பெயரையே வைத்துக்கொண்டு, தன் வீட்டிலேயே, தான் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து, தான் செய்யாததையெல்லாம் செய்துவிட்டுப் போனவன் மேல்தான் இப்போது அவருக்குப் பொறாமை பொங்கியது.

"அவன் உன்னைய அடிப்பானா?" என்று கேட்டார்.

"சே" என்றாள் ஜெசிந்தா. "ஒருநாளும் அடிச்சதில்ல."

கீரைச் சுளகைத் தள்ளி வைத்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, அவள் அவர் மடியிலிருந்த பெட்டியை எடுத்துக் கவிழ்த்தாள். கட்டைவிரல் நகத்தை அடி மூடியின் ஓரத்தில் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினாள். பழகின கை, அட்டை கிழியவில்லை. அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. தளபதி வெளியே வந்தான். அவள் அவன் கால்களை மடக்கி, பெஞ்சின் மேல் ரெமிஜியூசுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தாள். கழுத்தை நிமிர்த்தி அவன் அவளையே பார்த்தான்.

"வாசல்ல நீ செருப்பைக் கழத்துற சத்தம் கேக்கும். உடனே இவனை உள்ள வச்சு ஒட்டிருவேன்" என்றாள். "நீ வந்தா இவன் போயிரணும். நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா வீட்ல இருந்ததே இல்ல. இன்னைக்குத்தான் இருக்கீங்க."

இருங்க, காப்பி போட்டுட்டு வாரேன் என்று அவள் எழுந்து உள்ளே போனாள். பெஞ்சு சின்னது. ரெமிஜியூஸ் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து அவனுக்கு இடம் விட்டார்.